இடைவெளி இல்லாத அலமாரி

அலமாரியில் காலி இடமே இல்லை. அதுதான் அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"திருட்டுப் போன இடத்துல ஒரு ஓட்டையாவது இருக்கணும் மச்சான். பல்லு பிடுங்கின வாய் மாதிரி."

"கட்டுப் பல்லு மாட்டியிருப்பாங்க அத்தான்," என்றான் மச்சான். அறையின் குளிரில் அவனுடைய சொந்தப் பற்களே தந்தியடித்துக்கொண்டிருந்தன.

அத்தானுக்குத் தொழில் துப்பறிவது. வாசல் பலகையில் அவருக்கு முழுப்பெயர் உண்டு. ஆனால் உதவிக்கு வந்து சேர்ந்தவன் மனைவியின் தம்பி. வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் எதிரிலும் அத்தான் என்றே கூப்பிட்டான். அவரும் பதிலுக்கு மச்சான் என்றார். நாளடைவில் போலீஸ் நிலையத்தில்கூட, "என்ன, அத்தானும் மச்சானும் வந்தாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. உறவைக் கட்டி வைத்த அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூப்பிடும் பெயர்கள் மட்டும் மிச்சம்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு காப்பகத்தில். தரையிலிருந்து கூரை வரை டேப்கள். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, முதுகில் நீலச் சீட்டு, சீட்டில் எண். மனிதன் போக முடியாத இடங்களுக்குப் போன எந்திரங்கள் எதைப் பார்த்தன, எதைக் கேட்டன என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது. போன எந்திரம் திரும்பி வராது. அது சொன்னது மட்டும்தான் வரும். வந்ததை இங்கே ஒன்று, இரண்டாவது கட்டடத்தில் ஒன்று என்று இரண்டு நகலாகப் பத்திரமாக வைக்கத்தான் இந்தக் காப்பகம்.

"கையுறை போடாம தொடாதீங்க," என்றார் பின்னால் நின்ற பெண்மணி.

மச்சான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவர்தான் காப்பகத்தின் பொறுப்பாளர். வளாகத்தில் எல்லோருக்கும் காப்பாளரம்மா. ஐம்பது தாண்டியவர். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். துப்பறிய அழைத்ததும் அவர்தான்.

விஷயம் இதுதான். அவருடைய கணவர் இதே வளாகத்தில் விஞ்ஞானி. தூரத்து நிலவு ஒன்றில் ஆறு கால் எந்திரம் ஒன்றை இறக்கினார்கள். செல்லப் பெயர் நண்டு. அதன் வயிற்றில் தரை நடுங்குவதைக் கேட்கும் கருவி இருந்தது. அதைச் செய்தவர் அவர். அந்த நிலவில் இரவு மிக நீளம். இருட்டியதும் நண்டு உறைந்தது. செத்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே மறுபடி வெயில் வந்தபோது யாரும் எதிர்பாராமல் அது கண் விழித்தது. கொஞ்ச காலம் முனகியது. பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டது. அந்தக் கொஞ்ச காலத்தில் நிலவின் தரை நடுங்கியது, என் கருவி கேட்டது என்று விஞ்ஞானி கட்டுரை எழுதினார். செத்த கல் என்று எல்லோரும் கைகழுவிய நிலவுக்குள் இன்னும் சூடு இருக்கிறது என்றார்.

மூலத் தரவு எங்கே என்று கேட்டார்கள். காப்பகத்தில் தேடினார்கள். நண்டு கண் விழித்த தேதியிலிருந்து ஒன்றுமே இல்லை. நண்டு எழுந்தது உண்மை, நடுக்கம் கேட்டது பொய் என்று முணுமுணுத்தார்கள். விஞ்ஞானி அதைக் கேட்டுக்கொண்டே படுத்தார். எழுந்திருக்கவில்லை.

இன்று பிற்பகல் விசாரணைக் குழு கூடுகிறது. தரவு மேசைக்கு வராவிட்டால் கட்டுரை ரத்து. 'இல்லாத தரவைப் புனைந்தவர்' என்று செத்த மனிதரின் பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள்.

"வீட்டுல ஒரு நகல்கூட வச்சுக்கலையாம்மா?" என்று கேட்டார் அத்தான்.

"வைக்கக்கூடாதுன்னு விதி கொண்டுவந்ததே அவர்தான். ஆளுக்கொரு நகல் வச்சுக்கிட்டு ஆளுக்கொரு மாதிரி திருத்திக்கிட்டிருந்தாங்க. காப்பகத்துல இருக்கறது மட்டும்தான் உண்மைன்னு மல்லுக்கட்டி நிறுத்தினார்."

"பொறியும் அவரே வச்சு, காலையும் அவரே விட்டிருக்கார்," என்றான் மச்சான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காப்பாளரம்மா கோபப்படவில்லை. "அப்படித்தான் ஆயிடுச்சு," என்றார்.

அத்தான் குனிந்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். "நண்டு உறைஞ்ச நாள் வரைக்கும் எண் வரிசையா வருது. அடுத்த பெட்டியில வேற விண்கலம் ஆரம்பிக்குது. நடுவுல உருவியிருந்தா எண் குதிக்கணும். குதிக்கல. சீட்டை யாராவது மாத்தி ஒட்டியிருப்பாங்களா?"

"முடியாது. டேப் முடிஞ்சதும் எந்திரமே எண் போட்டு, எந்திரமே சீட்டு அச்சடிக்கும். நாங்க ஒட்டறதோட சரி."

"அப்ப இங்கிருந்து யாரும் எடுக்கல. இங்க வரவே இல்ல." அத்தான் நிமிர்ந்தார். "ஆனா சிக்னல் வந்திருக்கு."

"வந்தா டேப்புல ஏறித்தான் ஆகணும். அது தானா நடக்கறது. ஏறின டேப் எங்கேயாவது இருந்துதான் தீரணும்." அவர் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

அத்தான் கண்ணாடியைத் துடைத்தபடி, பக்கத்து வீட்டுச் செய்தி கேட்பதுபோலக் கேட்டார். "நீங்க நம்பறீங்களாம்மா? அவர் சொன்னதை?"

காப்பாளரம்மா அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவை சாப்பிடறப்ப கேட்டுட்டேன். நிஜமாவே கேட்டுச்சான்னு. இலேசாத்தான் கேட்டேன். தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டார். அதுக்கப்புறம் அதைப் பத்தி எங்கிட்ட அவர் பேசவே இல்ல." கையுறையைக் கழற்றி மடித்தார். "நான் நம்பினேனா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வெளியே நடைபாதையில் டைரக்டர் எதிரே வந்தார். நிலவு செத்த கல்தான் என்று முதன்முதலில் எழுதியவர் அவரே. குழுவின் தலைவரும் அவரே. மச்சான் காலையிலிருந்து திருடன் பட்டத்தை அவருக்குத்தான் எடுத்து வைத்திருந்தான்.

"கிடைச்சுதா?" என்றார் டைரக்டர்.

"தேடறோம்."

"தேடுங்க. கிடைச்சா எங்கிட்டதான் முதல்ல கொண்டுவரணும். நானும் அவரும் ஒரே அறையில படிச்சவங்க." சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

"நடிப்பைப் பாத்தீங்களா?" என்றான் மச்சான்.

"நடிக்கறவன் கண்ணு நம்மைப் பாக்கும் மச்சான். அவர் தரையைப் பாத்துட்டுப் போறார்."

"அப்ப திருடனே கிடையாதா? அப்புறம் நமக்கு இங்க என்ன வேலை?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். வா, நண்டு பேசின இடத்தைப் பாப்போம்."

சிக்னல் வாங்கும் கூடம் மாடியில் இருந்தது. ஒரு சுவர் முழுக்கத் திரைகள். அதற்கு மேலே வரிசையாகக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. திரைக்கு முன்னால் ஆபரேட்டர் பெண் ஒருத்தி ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். நண்டு கண் விழித்தபோது பணியில் இருந்தவள் அவள்தான்.

"கடிகாரக் கடை மாதிரி இருக்கே," என்றான் மச்சான். "இதுல எது சரி?"

"எல்லாமே சரி சார். ஒவ்வொரு விண்கலத்துக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அது அனுப்பற ஒவ்வொரு துணுக்குலேயும் தன்னோட நேரத்தைப் போட்டுத்தான் அனுப்பும். இங்க வந்து சேர்ற நேரம் வேற."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திரையில நீங்க பாக்கறது எந்த நேரம்?"

"வந்து சேர்ற நேரம். இங்கத்த நேரம்."

"விஞ்ஞானியும் இதே திரையிலதான் பாத்தாரா?"

"இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பார். கோடு துள்ளறதைப் பாத்துட்டு என் தோள்ல ஒரு தட்டு தட்டினார். எனக்கு அந்தக் கோடெல்லாம் புரியாது சார். குழுவுலேயும் அதைத்தான் சொன்னேன். ஏதோ வந்துச்சு, என்னன்னு தெரியாதுன்னு."

"டேப் எந்த நேரத்தை வச்சு அடுக்கும்?"

"நண்டு போட்டு அனுப்பற நேரத்தை. வாங்கினவன் சொல்றது கணக்கு இல்ல, அனுப்பினவன் சொல்றதுதான் கணக்குன்னு காப்பகத்துல விதி."

"நண்டு பொய் சொன்னா?" என்றான் மச்சான்.

"அது எதுக்கு சார் பொய் சொல்லப் போகுது? அதுக்கென்ன பதவி உயர்வா வேணும்?"

மச்சானுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "சரி, எழுந்தப்ப எப்படி இருந்துச்சு உங்க நண்டு?"

"நாங்க கை தட்டினோம். பேட்டரி சுத்தமா செத்துப்போய், வெயில் பட்டதும் தானா கிளம்பிச்சு. ஆனா காது போயிடுச்சு. நாங்க அனுப்பின கட்டளை எதையும் அது வாங்கல. பேசும், கேக்காது."

"அட, எங்க வீட்டு மைக்ரோவேவ்!" என்றான் மச்சான். "கரண்ட் போயிட்டு வந்தா பன்னண்டு பன்னண்டுன்னு மினுக்கிக்கிட்டே இருக்கும். எங்க அக்கா இருந்தவரைக்கும் அவதான் சரி பண்ணுவா. எங்க ரெண்டு பேருக்கும் எந்தப் பட்டன்னு தெரியாது. இப்ப எங்க வீட்டுல காலையில எழுந்தாலும் பன்னண்டு, படுத்தாலும் பன்னண்டு. சாப்பாட்டு நேரம் தவறவே மாட்டோம்."

ஆபரேட்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

"மச்சான், அதை இன்னொரு தடவை சொல்லு."

"எதை? சாப்பாட்டையா?"

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "கட்டளை போகலைன்னா, கடிகாரத்தைச் சரி பண்ற கட்டளையும் போகலதானே?"

"போகல..."

"அப்ப எழுந்ததும் அது என்ன நேரம்னு நினைச்சிருக்கும்?"

அவள் மேலே இருந்த கடிகாரங்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "பூஜ்யம்," என்றாள். "கரண்டே இல்லாமப் போனா பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்கும்."

"அதோட பூஜ்யம் எந்த நாள்?"

"அது... கட்டி முடிச்சு முதல் தடவையா சுவிட்ச் போட்ட நாள் சார். ராக்கெட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி. இங்கேயே, சோதனைக் கூடத்துல."

"அந்த நிலவுல உக்காந்துக்கிட்டு, இன்னும் சோதனைக் கூடத்துலதான் இருக்கோம்னு நினைச்சுப் பேசியிருக்கு," என்றார் அத்தான்.

"தலையில அடிபட்டவன் எழுந்து உக்காந்து, அம்மா ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு சொல்றது மாதிரி," என்றான் மச்சான்.

"ஏவறதுக்கு முன்னாடி தேதி போட்ட டேட்டா எங்க போகும்?"

"அதெல்லாம் சோதனை டேட்டாதான் சார். நீலச் சீட்டு வராது, மஞ்சள் சீட்டு வரும். கீழ்த் தளத்துக்குப் போயிடும். எந்திரமே பிரிச்சு அனுப்பிடும், நாங்க யாரும் பாக்கறதில்ல." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அங்கதான் இருக்குமா சார்?"

லிஃப்டுக்குக் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. படிகளில் இறங்கும்போது மச்சானுக்குச் சிறகு முளைத்ததுபோல இருந்தது. திருடன் இல்லாத வழக்கு, ஆனால் புதையல் இருக்கிறது. அலமாரியிலிருந்து அந்த டேப்பை எடுத்துக் காப்பாளரம்மா கையில் கொடுக்கும்போது என்ன சொல்லலாம் என்று ஒரு வசனம்கூட யோசித்து வைத்தான். நல்ல வசனம். பிற்பாடு எவ்வளவு முயன்றும் அது அவனுக்கு நினைவுக்கு வரவே இல்லை.

கீழ்த் தளத்தில் விளக்கு பாதிதான் எரிந்தது. ஸ்டோர்காரர் மேசையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நண்டோட மஞ்சள் டேப் எங்க இருக்கு?" என்றான் மச்சான், மூச்சு வாங்க.

"நண்டா? இல்லையே."

"இல்லையேன்னா?"

ஸ்டோர்காரர் ரொட்டி பிடித்த கையாலேயே காட்டினார். சுவரோரமாக நீள இரும்பு அலமாரி. ஒன்றுமே இல்லை. காலை முழுக்க ஒரு காலி இடத்துக்காக ஏங்கிய அத்தானுக்கு அங்கே அலமாரி முழுவதுமே காலியாகக் கிடைத்தது.

"கலம் செத்துப்போச்சுன்னா அதோட மஞ்சளைத் துடைச்சுப் புதுக் கலத்துக்குக் குடுத்துடறது வழக்கம் சார். சோதனை டேப்தானே. வேலை முடிஞ்சாச்சு." மூலையில் துணி போர்த்திக் கிடந்த எந்திரத்தைத் தலையால் சுட்டினார். "காந்தப் பெட்டி. உள்ள வச்சா எல்லாம் சுத்தம்."

"நகல் இருக்குமே?" என்றார் அத்தான். "ரெண்டு கட்டடத்துல ரெண்டு நகல்னு சொன்னாங்களே?"

"அது நீலத்துக்கு. மஞ்சளுக்கு யார் சார் நகல் எடுக்கறா?"

"துடைச்சதுல ஏதாவது மிச்சம்மீதி எடுக்க முடியாதா?"

"தாள்ல எழுதி அழிச்சா வெளிச்சத்துல பிடிச்சு அழுத்தின தடத்தையாவது பாக்கலாம். இதுல அதுவும் இல்ல."

மச்சானுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன ஏதுன்னு பாக்காமகூடத் துடைச்சுத் தள்ளிடுவீங்களா?"

ஸ்டோர்காரர் ரொட்டியை வைத்துவிட்டார். "பேச்சைப் பாத்துப் பேசுங்க தம்பி. நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலேயே போகக்கூடாது. மேடம்தான் செய்வாங்க. ஒவ்வொரு டேப்பா மாட்டி, முதல் துணுக்கைத் திறந்து தேதி பாத்து, ஏவறதுக்கு முன்னாடிதான்னு உறுதி பண்ணிட்டுத்தான் உள்ள வைப்பாங்க. ஒண்ணுல சந்தேகம் வந்தாலும் எடுத்து ஓரமா வச்சுடுவாங்க. அவங்க அளவுக்குக் கறாரா பாக்கறவங்களை நீங்க எங்கேயும் பாக்க முடியாது."

"எந்த மேடம்?" என்றார் அத்தான். எந்த மேடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நம்ம காப்பாளரம்மாதான். வீட்டுக்காரர் தவறின கையோட வந்து நின்னாங்க. லீவு போடுங்கம்மான்னு எல்லாரும் சொன்னோம். வீட்டுல உக்காந்திருக்க முடியலப்பா, தேங்கிக் கிடக்கற வேலை ஏதாவது இருந்தா சொல்லுன்னாங்க. தேங்கிக் கிடந்தது இதுதான்." அவர் குரல் தணிந்தது. "வழக்கத்தைவிட நிறைய இருந்துச்சு இந்த நண்டுக்கு. இவ்வளவு சோதனையா பண்ணாங்கன்னு கேட்டுக்கிட்டே துடைச்சாங்க பாவம்."

படி ஏறும்போது இருவரும் வேகமாக ஏறவில்லை. நடுவழியில் ஒரு சன்னல் இருந்தது. அத்தான் அங்கே நின்றார்.

"அத்தான், சொல்ல வேண்டாம்."

அத்தான் வெளியே பார்த்தார்.

"யாரோ திருடிட்டாங்கன்னு சொல்லிடுவோம். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். திருடன்னு ஒருத்தன் இருந்தா திட்டறதுக்காவது ஆள் இருக்கும்."

"குழுகிட்ட?"

"குழுகிட்ட உண்மையைச் சொல்லுங்க. கடிகாரக் கதையைச் சொன்னா அவர் பேர் தப்பிச்சுடும்ல?"

"நீயே அந்தக் குழுவுல உக்காந்திருக்கேன்னு வச்சுக்கோ." அத்தான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஆள் பொய்த் தரவு பண்ணினான்னு குற்றச்சாட்டு. அவன் செத்துட்டான். மொத்தக் காப்பகமும் அவன் பெண்டாட்டி பொறுப்புல இருக்கு. அவன் போன கையோட, லீவுகூடப் போடாம, இவ வந்து தன் கையால டேப்பையெல்லாம் துடைச்சிருக்கா. இப்ப வந்து, அதுலதான் அவரோட ஆதாரம் இருந்துச்சுங்கறா. நீ என்ன நினைப்பே?"

மச்சான் யோசித்தான். யோசிக்க நேரமே ஆகவில்லை.

"புருஷன் பொய்யை மறைக்க இவ துடைச்சுட்டான்னு நினைப்பேன்."

"நல்ல மனுஷங்க எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க."

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு டாக்டர் வந்து, கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே என்றார். உண்மைதான். அந்த உண்மை அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை. அத்தான் மட்டும் அதற்குப் பிறகு படுக்கையறையில் படுப்பதை விட்டுவிட்டார். அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்து, இதைச் சொல்லாம இருந்தா உனக்கு என்னய்யா குறைஞ்சு போயிருக்கும் என்று கேட்க வேண்டும்போல மச்சானுக்கு இன்றைக்கும் தோன்றும்.

"அதனாலதான் சொல்றேன் அத்தான்," என்றான்.

"தெரியுது மச்சான்."

காப்பாளரம்மா குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே மேசையைச் சுற்றி ஆட்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"கிடைச்சுதா?"

அத்தானுக்கு முன்னால் மச்சான் பாய்ந்தான். "மேடம், அது யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெரிய கைங்க. எங்களால..."

"ஓட்டையே இல்லைன்னு அவர் காலையில சொன்னாரே," என்றார் காப்பாளரம்மா.

மச்சானுக்குப் பொய் வராது என்றில்லை. தொழிலே பாதி அதுதான். ஆனால் அலமாரி அலமாரியாகப் பொய்யைத் தேடிப் பிடித்துப் பழகிய ஒரு ஆளிடம் சொல்லிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நண்டு கண் விழிச்சப்ப அதோட கடிகாரம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கும்மா."

அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் அந்த வேலையிலேயே வளர்ந்தவர். இவர்கள் மாடிக்கும் பாதாளத்துக்குமாக அலைந்து கண்டுபிடித்ததை அவர் நின்ற இடத்தில் நின்றபடியே கடந்து போவது முகத்தில் தெரிந்தது. பூஜ்யம். ஏவுவதற்கு முன். மஞ்சள். அங்கே வந்ததும் முகம் நின்றுவிட்டது.

"தேதி பாத்தேனே," என்றார். "ஒவ்வொண்ணுலேயும் பாத்தேன்."

கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தேதி மட்டும்தான் பாத்தேன்."

மச்சான் அவரைப் பிடித்து உட்கார வைக்கக் கை நீட்டினான். அவர் உட்காரவில்லை. மனசுக்குள் வேறு ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிறைய இருந்துச்சு. கை வலிக்கற அளவுக்கு." அத்தானை நிமிர்ந்து பார்த்தார். "அவரோட கருவி சும்மா இருக்கறப்ப எதையும் அனுப்பாதுங்க. டேப் வீணாகக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சார். தரை நடுங்கினா மட்டும்தான் அது வாயைத் திறக்கும். ஒண்ணும் நடக்காம இவ்வளவு டேப் நிறையாது."

"அப்படியா?" என்றார் அத்தான். அவருக்கும் அது புதிது.

"அப்ப நடுங்கியிருக்கு. நிறைய நடுங்கியிருக்கு. அவர் எழுதினதைவிட நிறைய." கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அவர் முகத்தில் அப்போது வந்து போனதை மகிழ்ச்சி என்று சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை. வேறு பெயரும் தெரியவில்லை.

"அம்மா," என்றார் அத்தான், "உள்ள இதைச் சொன்னா உங்க மேலதான் திரும்பும்."

"ஆமா."

"சொல்லலைன்னா..."

"அவர் பேர் போகும். சொன்னா ரெண்டு பேர் பேரும் போகும். புரியுதுங்க." அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல ஒரு நொடி தோளில் கை வைத்தார். "சாப்பாட்டுத் தட்டு எதிர்ல கேட்டதுக்கு இப்பத்தான் எனக்கு பதில் கிடைச்சிருக்கு. அதை அவருக்காக யார்கிட்டயாவது நான் சத்தமா சொல்லியாகணும். நம்பறதும் நம்பாததும் அவங்க இஷ்டம்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் குரல் கேட்கவில்லை. அவர் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். டைரக்டர் மட்டும் அசையாமல் கேட்டார். கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டது தெரிந்தது. காப்பாளரம்மாவின் பதில் ஒரு சொல். நான். வாயசைவிலேயே படிக்க முடிந்தது.

மேசையைச் சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறின. யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று மச்சானுக்குத் தோன்றியது.

டைரக்டரே அவரை வெளியே அழைத்து வந்தார். "இவங்களைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் அத்தானிடம். "துக்கத்துல இருக்காங்க. அவங்களுக்கே தெரியாம ஏதேதோ..."

"கட்டுரை?"

"ரத்து." தரையைப் பார்த்தார். "இவங்க மேல தனி விசாரணை. எனக்கு வேற வழி இல்ல. நீங்க சொல்ற கடிகாரக் கதை உண்மையாவே இருக்கட்டும். காட்டறதுக்கு ஒரு துண்டு டேப் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல."

"எங்கிட்டயும் இல்ல." கொஞ்சம் நின்றார். பிறகு மிகவும் மெல்லச் சொன்னார். "அம்மா... காப்பகத்துச் சாவி."

காப்பாளரம்மா தலையாட்டினார். கைப்பையைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்தார். பெரிய வளையம். குளிர் அறை, மேல் தளம், கீழ்த் தளம், இரண்டாவது கட்டடம் எல்லாம் அதில் இருந்தன. அவருடைய வீட்டுச் சாவியும் அதில்தான் இருந்தது. அதை மட்டும் பிரித்து எடுக்கப் பார்த்தார். வளையம் இறுக்கமாக இருந்தது. நகம் வழுக்கியது. மறுபடி முயன்றார்.

டைரக்டர் கை நீட்டியபடி நின்றார். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

மச்சான் முன்னால் போனான். ஏதாவது சொல்ல வேண்டும், எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. வளையத்தைக் கையில் வாங்கிப் பல்லால் கடித்து விரித்தான்.

"எது மேடம் வீட்டுச் சாவி?"

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சாவியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூவரும் காத்திருந்தார்கள்.

"தெரியலையேப்பா," என்றார்.